பெரிய விலங்கு வேட்டைக்குக் குண்டுத் தேர்வு: எடையா, கட்டமைப்பா, மோதும் வேகமா?

கேள்வி: என்னிடம் இருப்பது .30-06 ரைஃபிள். இந்தப் பருவத்தில் செம்மானும் காட்டுப்பன்றியும், வாய்த்தால் அடுத்த பருவத்தில் மூஸ் என்னும் பெரிய வடதிசை மானும் சுடுவதாகத் திட்டம். 180 கிரெயின் எடையுள்ள எந்தக் குண்டாயினும் போதும், பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஈயமும் செம்பும்தான் என்கிறார் மூத்த வேட்டைக்காரர் ஒருவர். அவர் சொல்வது சரியானால் சந்தையில் இத்தனை வகைகள் எதற்கு?

2024 செப்டம்பர் 3

மூத்தவர் சொல்வதில் பாதி சரி. .30-06 தோட்டாவுக்கு 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.7 கிராம், பழுது சொல்ல முடியாத எடை. சிக்கல் "எந்தக் குண்டாயினும்" என்பதில் இருக்கிறது. ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகள் ஒரே அளவுள்ள மானின் தோள்பட்டையில் பட்டு, ஒன்று ஒரு சாண் ஆழத்துக்குள் துணுக்குகளாகச் சிதறி நின்றுவிடுவதையும், மற்றொன்று இரண்டு பக்க எலும்பையும் உடைத்துக்கொண்டு வெளியே போய்விடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். தராசில் வைத்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

குண்டிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று பகையான இரண்டு வேலைகளை. அது விரிய வேண்டும், இல்லாவிட்டால் பென்சில் அளவுத் துளை மட்டும் விழுந்து விலங்கு நெடுந்தூரம் ஓடிவிடும். அது ஆழமாகவும் போக வேண்டும், இல்லாவிட்டால் தோலிலும் தசையிலும் பெரும் காயத்தை உண்டாக்கிவிட்டு இதயத்தையும் நுரையீரலையும் எட்டாமலே நின்றுவிடும். விரிவு கூடினால் ஆழம் குறையும், ஆழம் கூடினால் விரிவு குறையும். எல்லா வகைக் குண்டுகளும் இந்த இழுபறிக்கு வெவ்வேறு உற்பத்தியாளர்கள் கண்ட வெவ்வேறு சமரசங்கள்.

ஆகவே விலங்கின் பெயரைக் கேட்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி, மிக அருகில் எத்தனை மீட்டரில் சுட நேரும், மிகத் தொலைவில் எத்தனை மீட்டர் வரை சுடுவீர்கள் என்பது. .30-06-இலிருந்து வினாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும் கூர்முனை 180 கிரெயின் குண்டு, 300 மீட்டரை எட்டும்போது ஏறத்தாழ 640-க்கு இறங்கியிருக்கும். அதே எடைக் குண்டை, வெடிமருந்து மிகுந்த தோட்டாவான .300 வின்செஸ்டர் மேக்னத்தில் போட்டு 30 மீட்டரில் சுட்டால் மோதும் வேகம் 890-ஐ ஒட்டி இருக்கும். ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால், இந்த இரண்டு மோதல்களுக்கும் இடையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேறுபாடு. 640-இல் அழகாக விரிவதற்காக மெல்லிய உறை போட்டுச் செய்யப்பட்ட குண்டு 890-இல் உடைந்துபோனால் அதைக் குண்டின் குறை என்று எப்படிச் சொல்வது?

2024 செப்டம்பர் 4

"குறுக்குவெட்டு அடர்த்தி என்ற எண்ணைப் பார்த்து வாங்கினால் போதாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் அளந்த விட்டத்தின் இருபடியால் வகுத்தால் வருவது அந்த எண். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். .308 அங்குல விட்டமுள்ள 180 கிரெயின் குண்டுக்கு 0.271 வரும், 150 கிரெயினுக்கு 0.226. எண் உயர்ந்தால் ஊடுருவல் கூடும் என்பது பொதுவான கணிப்பு, விரியாத குண்டுகளைப் பொறுத்தவரை நல்ல கணிப்பும்கூட.

ஆனால் அந்த எண் பெட்டிக்குள் இருக்கும் குண்டினுடையது. மானுக்குள் பயணம் செய்வது வேறொரு பொருள். 180 கிரெயின் குண்டு பட்டவுடன் இரண்டு மடங்கு விட்டத்துக்கு விரிந்தால் முகப்பின் பரப்பு நான்கு மடங்காகிறது, 0.271 என்பது 0.068-ஆக இறங்கிவிடுகிறது. அதற்கிடையில் எடையில் 30 சதவீதத்தையும் உதிர்த்திருந்தால் மிஞ்சுவது 0.047. 150 கிரெயின் எடையுள்ள முழுச் செம்புக் குண்டு ஒன்று, எடையில் எதையும் இழக்காமல், ஒன்றரை மடங்கு மட்டும் விரிந்தால் 0.100 நிற்கும். தொடக்கத்தில் பின்தங்கியிருந்த குண்டு உள்ளே போனபின் இரண்டு மடங்கு முன்னிலையில் இருக்கிறது. கட்டமைப்பைச் சொல்லாமல் எடையை மட்டும் சொல்வது அரைப் பேச்சு என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2024 செப்டம்பர் 4, இரவு

சட்டங்கள் பெரும்பாலும் எடையையும் ஆற்றலையும் மட்டும் பேசுகின்றன, ஏனென்றால் அவற்றைத்தான் எளிதில் அளக்க முடியும். ஜெர்மனியில் சிறிய ரோ மானைத் தவிர்த்த குளம்புள்ள வேட்டை விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 100 மீட்டரில் 2000 ஜூலும் வேண்டும். சுவீடனில் மூஸுக்கு, குண்டு 9 கிராம் என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல், 10 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் 2000 ஜூல். எடை கூடினால் ஆற்றலில் சலுகை தரும் இந்தச் சுவீடிய விதியை வகுத்தவர் வேட்டை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991-ஆம் ஆண்டின் மான் சட்டம் மானுக்கு விரியும் குண்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. போரில் விரியும் குண்டு கூடாது என்று 1899-இல் ஹேக் நகரில் அறிவித்தார்கள். மானைச் சுடும்போது விரியாத குண்டு கூடாது என்கிறார்கள். விலங்கு விரைவில் சாக வேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு நியாயமில்லை.

2024 செப்டம்பர் 7

வகைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

பழைய மென்முனைக் குண்டு என்பது செம்புக் கலவை உறைக்குள் ஈயத்தை அழுத்தி, நுனியில் மட்டும் ஈயத்தைத் திறந்துவிட்டது. உறைக்கும் ஈயத்துக்கும் ஒட்டுறவு கிடையாது. எலும்பில் பட்டால் உறை ஒரு பக்கமும் ஈயம் மறு பக்கமும் பிரிந்து போவதுண்டு. மிதமான வேகத்தில், செம்மான் அளவுள்ள விலங்கின் விலாவில் பட்டால் இது இன்றைக்கும் நம்பகமாக வேலை செய்யும். வேகம் மிகுந்த தோட்டாக்கள் வந்த பிறகுதான் இதன் எல்லை வெளியே தெரிந்தது.

1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நோஸ்லர் .300 எச் அண்ட் எச் மேக்னத்தைக் கொண்டு மூஸ் ஒன்றைச் சுட்டபோது, சேறு காய்ந்து அப்பியிருந்த அதன் தோளைத் தாண்டிக் குண்டுகள் உள்ளே போகவில்லை. வீடு திரும்பியவர், நடுவில் தடுப்புச் சுவர் வைத்து முன்னறை, பின்னறை என்று இரண்டாகப் பிரித்த குண்டை வடிவமைத்தார். 1948-இல் பார்ட்டிஷன் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. முன்னறை ஈயம் விரிந்து சிதறிக் காயத்தை உண்டாக்கும், பின்னறை அப்படியே ஆழத்துக்குப் போகும். ஜெர்மானியரின் எச்-மாண்டல் குண்டும் அறை பிரிக்கும் இதே வழியில், அதற்கு முன்பே செய்யப்பட்டதுதான்.

பார்ட்டிஷன் குண்டை மீட்டெடுத்து எடை பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். "முப்பது சதவீதத்துக்கு மேல் காணாமல் போய்விட்டதே" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். காணாமல் போவதற்கென்றே வைத்த பகுதி அது. மீந்த எடையின் சதவீதத்தை மட்டும் வைத்துக் குண்டுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் விளம்பரப் பக்கங்களிலிருந்து வந்தது; காயத்தைத் திறந்து பார்த்தவர்கள் அப்படிப் பேசுவதில்லை.

அடுத்தது பிணைப்புக் குண்டு: ஈயத்தையும் உறையையும் உருக்கி ஒட்டியது. விரிந்தாலும் ஈயம் உறையைவிட்டுக் கழன்றுபோகாது. எடையில் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு வரை மீளும். பிறகு 1989-இல் பார்ன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ் குண்டும் அதன் வழிவந்தவையும். இவற்றில் ஈயமே இல்லை, முழுவதும் செம்பு. நுனியில் உள்ள குழியில் தசையின் நீர்மம் அழுத்தத்தோடு புகுந்து, நான்கு இதழ்களாகப் பின்னோக்கி விரிக்கும். அந்தக் குழி நசுங்கியோ அடைபட்டோ போனால் இதழ் விரியாது, ஆகவே பிற்காலத்தில் நுனியில் பிளாஸ்டிக் முளை ஒன்றைச் செருகினார்கள். அது காற்றைக் கிழிக்கவும் உதவும், பட்டவுடன் பின்னால் தள்ளப்பட்டு விரிவைத் தொடங்கியும் வைக்கும்.

2024 செப்டம்பர் 8

மேலே சொன்னவற்றைக் கண்ணால் பார்க்க விரும்பினால், தோலுரிக்கும்போது மறுபக்கத் தோலின் உள்புறத்தைத் தடவிப் பாருங்கள். விலங்கின் தோல் இழுபடும் தன்மை உடையது. எலும்பையும் தசையையும் கடந்துவந்த குண்டு கடைசியில் வேகம் இழந்து, தோலை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு அங்கேயே சிக்கிக்கொள்ளும். விரல் நுனியில் கடினமான ஒரு கட்டி தட்டுப்படும், அதைச் சுற்றி உறைந்த குருதி கருநீலமாகப் படர்ந்திருக்கும். கத்தி முனையால் கீறினால் வெளியே வரும்.

என் மேசை இழுப்பறையில் அப்படி எடுத்த பிணைப்புக் குண்டு ஒன்று இருக்கிறது. குடை காற்றில் மடங்கியதுபோல முன்பகுதி முழுவதும் பின்னால் திரும்பியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் மேல்கை எலும்பில் உரசித் தட்டையாகி, அந்தத் தேய்வில் ஈயம் பளபளக்கிறது. அடிப்பக்கத்தில் துப்பாக்கிக் குழலின் வரிகள் பதிந்த சாய்ந்த கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. இதழ் மடிப்புக்குள் சிக்கிய இரண்டு மயிரிழைகளை நான் அகற்றவில்லை. எடை போட்டால் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். இது வெளியே போகாமல் நின்றதை வெற்றியாகக் கொள்வதா, தோல்வியாகக் கொள்வதா என்பதைப் பிறகு பேசுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு இரண்டு மனம் உண்டு.

2024 செப்டம்பர் 12

செம்பா, ஈயமா என்ற சண்டைக்கு வருகிறேன். இதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

ஒன்று இயற்பியல். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்பினுடையது 8.96. அதே எடையைச் செம்பில் செய்தால் குண்டு நீண்டுவிடும். நீண்ட குண்டு காற்றில் நிலைத்துப் பறக்க, குண்டைச் சுழலவைக்கும் குழல் வரிகளின் முறுக்கு வேகமாக இருக்க வேண்டும்; .30-06-இல் வழக்கமாக உள்ள 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதில் தொல்லை வராது, .308 வின்செஸ்டர் துப்பாக்கிகள் பலவற்றில் உள்ள 12 அங்குல முறுக்கில் வரலாம். நீளம் கூடுவதால் தோட்டாக் கூட்டின் உள்ளே வெடிமருந்துக்கான இடமும் குறையும். ஆகவே செம்புக்கு மாறுபவர் எடையில் ஒரு படி இறங்குவதே முறை: ஈயத்தில் 180 சுட்டவர் செம்பில் 165 அல்லது 150. ஊடுருவலில் எதையும் இழக்கமாட்டார் என்பதை முன்பு கணக்கிட்டே காட்டினேன்.

இரண்டாவது, மோதும் வேகம். செம்பு ஈயத்தைவிடக் கடினம். விரிவதற்கு அதற்கு வேகம் வேண்டும். நெடுந்தொலைவுக்கென்று மென்மையாகச் செய்யப்பட்ட சில ஈயக் குண்டுகள் வினாடிக்கு 400 மீட்டர் வேகத்திலும் விரியும். பெரும்பாலான பிணைப்புக் குண்டுகளுக்கு 550 வேண்டும். முழுச் செம்புக்கு நான் 600-க்குக் கீழே இறங்குவதில்லை. அதற்கும் கீழே அது விரியவே விரியாது என்று பொருளில்லை. நம்பி விசையை இழுக்கும் அளவுக்கு உறுதியில்லை என்றுதான் பொருள்.

மூன்றாவது நஞ்சு. ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத் தடத்திலிருந்து விலகி இறைச்சிக்குள் பரவுவதை எக்ஸ்ரே படங்கள் காட்டுகின்றன. உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் பறவைகளுக்கும் அது போய்ச் சேர்கிறது. கலிபோர்னியாவில் காண்டோர் கழுகுகளை முன்னிட்டு 2013-இல் இயற்றிய சட்டம், 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் ஈயக் குண்டு வேட்டையை நிறுத்திவிட்டது. டென்மார்க்கில் 2024 ஏப்ரலிலிருந்து ரைஃபிளுக்கும் ஈயம் இல்லை. வீட்டில் சிறு குழந்தைகளோ கருவுற்றவர்களோ உண்ணும் இறைச்சி என்றால் நான் செம்பைத் தவிர வேறெதையும் சுடுவதில்லை. இதில் எனக்கு விவாதமே கிடையாது.

2024 செப்டம்பர் 13

"காயத்தைச் சுற்றி ஒரு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டால் ஈயம் போய்விடும்" என்று எழுதியவருக்கு: போகாது. உடையும் குண்டு அதிவேகத்தில் மோதியிருந்தால் ஒரு சாணுக்கு அப்பாலும் துணுக்குகள் இருக்கக்கூடும். தோள்பட்டையில் பட்ட மானில் அவ்வளவு வெட்டி எறிந்தால் முன்னங்காலில் மிச்சம் இருக்காது.

2024 செப்டம்பர் 19

விலங்கு நின்ற இடத்திலேயே விழுந்தால் சுட்டவரின் கைத்திறன். ஓடிப்போனால் குண்டின் குற்றம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடந்த வாரம் இங்கே வந்த புகார்களில் பாதிக்கு மேல், குண்டு எங்கே பட்டது என்ற விவரமே இல்லை. குடலில் பட்ட குண்டு எந்த உலோகமாயினும் தேடலில்தான் முடியும்.

இதயமே சிதைந்த மானும் மூளையில் மிஞ்சிய உயிர்வளி தீரும் வரை ஓடும். பத்துப் பதினைந்து வினாடி போதும், நூறு மீட்டர் போய்விடும். அதைப் பார்த்துவிட்டுக் குண்டை மாற்றுகிறவர்கள் அடுத்த பருவத்தில் வேறொரு குண்டின்மேல் அதே புகாரை எழுதுகிறார்கள்.

2024 செப்டம்பர் 26

எருமைக்கும் யானைக்கும் என்ன என்ற கேள்வி வந்தே தீரும் என்று தெரியும். பல ஆப்பிரிக்க நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்கு .375 அங்குல விட்டம் என்பது சட்டப்படியோ வழக்கப்படியோ கீழ் எல்லை. 1912-இல் வந்த .375 எச் அண்ட் எச் அதனாலேயே இன்றும் விலைபோகிறது.

சிறிய விட்டமே போதும் என்பவர்கள் உடனே டபிள்யூ. டி. எம். பெல் பெயரை எடுப்பார்கள். 7 மில்லிமீட்டர் தோட்டாவில் 173 கிரெயின் குண்டைப் போட்டு எத்தனையோ யானைகளை வீழ்த்தியவர் அவர். அதை எடுத்துக்காட்டுபவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். அவர் பயன்படுத்தியது விரியாத முழு உறைக் குண்டு. அதன் குறுக்குவெட்டு அடர்த்தி 0.306. .375-இன் 300 கிரெயின் குண்டுக்கு 0.305. ஊடுருவலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பெல் கண்டுபிடித்தது அதைத்தான். மற்றது, யானையின் மண்டையோட்டுக்குள் மூளை எங்கே இருக்கிறது என்பதை எந்தக் கோணத்திலிருந்தும் சொல்லக்கூடிய அறிவு. துப்பாக்கியை வாங்கலாம், அந்த அறிவை வாங்க முடியாது. யானை வேட்டைக்காரர் ஜான் டெய்லர் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7000-ஆல் வகுத்து ஒரு எண் சொன்னாரே, அதுவும் விரியாத குண்டு யானையின் தலையில் படும்போது உண்டாகும் அதிர்ச்சியை ஒப்பிடுவதற்காகச் சொன்னது. அதை மானுக்கான விரியும் குண்டுகளுக்குப் பொருத்துவது வீண் வேலை.

விரியாத குண்டிலும் வடிவம் முக்கியம். முகப்பு தட்டையாக உள்ளவை உருண்டை முகப்பு உள்ளவற்றைவிட உடலுக்குள் நேராகப் போகின்றன. எருமைக்குப் பலரும் முதலில் உறுதியான விரியும் குண்டு ஒன்றையும், அது ஓடத் தொடங்கிய பின் எந்தக் கோணத்திலும் எட்டக்கூடிய திடக் குண்டுகளையும், அதாவது விரியாதவற்றையும், அடுக்கிக்கொள்கிறார்கள். முதல் குண்டும் திடமாக இருந்தால், பின்னால் நிற்கும் இன்னொரு எருமையையும் காயப்படுத்திவிடும் என்பது காரணம்.

2024 அக்டோபர் 5

குண்டு உள்ளேயே தங்க வேண்டுமா, வெளியே போக வேண்டுமா? முன்பு தள்ளிவைத்த கேள்வி.

"உள்ளே நின்றால் ஆற்றல் முழுவதையும் விலங்குக்குள்ளேயே செலவிடுகிறது" என்பது கேட்க நன்றாக இருக்கும் வாதம். ஆனால் விலங்கைக் கொல்வது ஜூல் கணக்கு அல்ல, குருதி இழப்பு. அதிவேகக் குண்டு திசுக்களை ஒரு கணம் விலக்கித் தள்ளும் வெற்றிடம் ஈரலைக் கிழிக்கும். நுரையீரலோ நெகிழ்வானது, பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதில் நிலையான துளையைப் போடுவது விரிந்த முகப்பும் துணுக்குகளும்தான்.

வெளியேறும் துளை இருந்தால் தேடுவதற்குத் தடம் கிடைக்கும். அதுவும் துளை தாழ்வாக இருக்க வேண்டும். உயரத்தில் நுரையீரலைத் துளைத்துப் போனால் குருதி மார்புக் கூட்டுக்குள்ளேயே நிறையும், தரையில் துளி விழ வெகு தூரம் ஆகும். ஆண் காட்டுப்பன்றியின் தோளில் உள்ள தடித்த கேடயத் திசுவும் அதன் கீழுள்ள கொழுப்பும் சிறிய துளையை அடைத்துவிடும். இருட்டும் நேரத்தில் அடர்ந்த புதரின் ஓரத்தில் நிற்கும் பன்றி என்றால் எனக்கு இரண்டு துளை வேண்டும். திறந்த வெளியில் நிற்கும் மான் என்றால் மறுபக்கத் தோலில் நின்ற குண்டைக் குறைசொல்ல மாட்டேன். இழுப்பறையில் உள்ள குண்டைப் பற்றிய என் இரண்டு மனம் இவ்வளவுதான்.

2024 அக்டோபர் 20

நீர் நிரப்பிய குடுவைகளை வரிசையாக அடுக்கிச் சுட்டுப் பார்த்த படங்களை அனுப்பியவருக்கு நன்றி. ஒரே தொலைவில் சுட்டதால் அது ஒரே வேகத்தின் கதையைத்தான் சொல்கிறது. 25 மீட்டரில் ஒரு முறையும், தாங்கள் சுடத் துணியும் கடைசித் தொலைவில் ஒரு முறையும் சுட்டு, இரண்டு குண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது உடையாமலும் இரண்டாவது விரியாமல் இருந்துவிடாமலும் இருந்தால் அந்தக் குண்டு தங்களுக்கானது. நீரில் எலும்பு இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2024 நவம்பர் 2

கேட்டவருக்கு நேரடி விடை இன்னும் சொல்லவில்லை என்கிறார்கள். செம்மானுக்கும் பன்றிக்கும், 250 மீட்டருக்கு உட்பட்டு, .30-06-இல் 165 கிரெயின் முழுச் செம்பு. உணவில் ஈயம் பற்றிய கவலையும் இல்லை, சட்டத் தடையும் இல்லை என்றால் 180 கிரெயின் பிணைப்புக் குண்டு. மூஸ் 400 கிலோவைத் தாண்டும் விலங்கு. அதற்கு இவை இரண்டும் போதும், பழைய மென்முனைக் குண்டை மட்டும் தோளில் சுட வேண்டாம். மேக்னத்துக்கு மாற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. உதைப்பு கூடினால் விசையை இழுக்கும் கணத்தில் கண் மூடும், அதைச் சரிசெய்யும் குண்டு இன்னும் செய்யப்படவில்லை.

2024 நவம்பர் 11

செம்புக்கு மாறியபின் 100 மீட்டரில் 6 சென்டிமீட்டர் கீழே இறங்கிப் படுகிறது, பெட்டி பழுதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை. குண்டின் எடை, வேகம், குழலின் அதிர்வு எல்லாம் மாறியிருக்கின்றன. பழைய குண்டுகள் விட்டுச்சென்ற செம்புப் படிவைக் குழலிலிருந்து முற்றிலும் நீக்குங்கள், புதிய குண்டில் சிலவற்றைச் சுட்டுக் குழலைப் பழக்குங்கள், அதன் பிறகு தொலைநோக்கியைத் திருத்துங்கள். பெட்டியின் மடிப்பில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, பருவம் முழுவதற்கும் அதே தொகுதியில் வாங்கி வையுங்கள். தொகுதி மாறினால் ஒரே பெயருள்ள தோட்டாவிலும் படும் இடம் சற்று நகர்வதுண்டு.